வருந்துகிறேன் என்ற ஒரு பக்கம்

லாஹிஜான், மெஹர் மாதம் 9

அன்புள்ள கீத்திக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். நீ அருகில் இல்லாத குறை தவிர இங்கே வேறு குறை இல்லை. எல்லாரும் எழுதும் வாக்கியம்தான் இது. வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. இதை முதலில் திறந்து படிக்கும் அலுவலருக்கும் என் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சிறையில் உன் தொலைபேசி உரிமையை நிறுத்திவிட்டார்கள் என்று வக்கீல் சொன்னார். நேரில் வரவும் வழியில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், பிள்ளை தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. தாய்மாமன் அதில் சேர்த்தியில்லையாம். உன் அம்மா தூபாவால் தெஹ்ரான் வரை பயணம் செய்ய முடியாது. ஆகவே கடிதம்தான். மருந்துக்கடையில் ஆயுள் முழுவதும் நான் எழுதியது சீசாவில் ஒட்டும் சீட்டு மட்டுமே. உணவுக்கு முன், உணவுக்குப் பின். பத்திரிகைக்காரிக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தூபாவை வாரம் இருமுறை ராஷ்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், இரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறோம். டாக்டர் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை. அவளைப் பார்க்க உனக்கு ஒரு வார விடுப்புக் கேட்டு மனுக் கொடுத்தேன். ‘எழுதியதற்கு வருந்துகிறேன்’ என்று நீ ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால் உடனே அனுப்புவார்களாம். நீ மாட்டேன் என்றாயாம். தூபாவிடம் சொன்னேன். தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாள்.

“அவ மாட்டான்னு எனக்குத் தெரியாதா? நீயா இருந்தா ரெண்டு பக்கம் எழுதி, கீழே பூ வரைஞ்சு குடுத்திருப்பே அண்ணா.”

அது உண்மைதான்.

மழை தொடங்கிவிட்டது. இங்கே தேயிலை இந்த ஆண்டு எப்படியென்றால், விலை கேட்பாரில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா
கியூமர்ஸ்

---

தெஹ்ரான், மெஹர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். பல்வலி வந்தது, போய்விட்டது. உங்கள் முழங்கால் எப்படி? அம்மாவின் இரண்டு கன்னத்திலும் என் பொருட்டு முத்தமிடுங்கள். கூச்சமாக இருந்தால் நெற்றியில் போதும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் ‘தேயிலை’ என்று மட்டும் தெரிந்தது. இனிச் செய்தி எதுவும் எழுத வேண்டாம் மாமா. கனவு எழுதுங்கள். கனவை அழிக்க இன்னும் விதி வரவில்லை.

இங்கே நான் இப்போது கனவுச் செய்தியாளர். காலையில் ரொட்டி வருவதற்கு முன் கட்டில் கட்டிலாகப் போய் விசாரிக்கிறேன். எங்கே நடந்தது, யார் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள். பக்கத்துக் கட்டில் ஹோமா பள்ளி ஆசிரியை. “கனவுக்கும் சாட்சி கேக்கறியேடி, உனக்கு என்ன வியாதி?” என்கிறாள். அவள் கனவைச் செய்தியாகவே தருகிறேன். சிறை முற்றத்தில் கணுக்கால் அளவுக்குக் கடல்நீர் நிற்கிறது. பெண்கள் அதில் அரிசி களைகிறார்கள். கால்களுக்கிடையில் வெள்ளை மீன்கள் போகின்றன. யாரும் ஆச்சரியப்படவில்லை. காவலுக்கு நிற்கிற பெண் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ‘மெதுவா, மீனை மிதிச்சிடாதீங்க’ என்கிறாள்.

அம்மாவின் கனவையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்
கீத்தி

---

லாஹிஜான், ஆபான் 20

அன்புள்ள கீத்திக்கு,

என் முழங்கால் பழையபடியே, அதாவது மோசமில்லை. உன் பல் மறுபடி வலித்தால் கிராம்பு கேட்டுப் பார். அலுவலருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நலம் விழைகிறேன்.

எனக்குக் கனவு எழுதத் தெரியாது. இதில் ஒரு முறை வைத்துக்கொண்டிருக்கிறேன். கெட்ட கனவு வந்தால் முதலில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொண்டு போய்விடும் என்றுதான் நம் வீட்டில் பழக்கம். படித்தவன் செய்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டேதான் போகிறேன். மிஞ்சும் நல்ல கனவுகளை மட்டும் உனக்கு எழுதுவேன்.

தூபாவின் கனவு இது. நீ பத்தொன்பது வயதில் ராஷ்ட் வாரப் பத்திரிகையில் பட்டுக்கூடு அவிழ்க்கும் பெண்களைப் பற்றி எழுதினாயே, அந்தத் தாளை அவள் விரிக்கிறாள். எழுத்தெல்லாம் அரிசிபோல மடியில் கொட்டுகிறது. முறத்தில் போட்டுப் புடைக்கிறாள். பிறகு நீ வேலை செய்த ஒவ்வொரு பத்திரிகையும் வருகிறது. அரசு மூடியது, தானாக மூடிக்கொண்டது, ஒரே ஒரு இதழோடு நின்றுபோனது, எல்லாம். எல்லாவற்றிலிருந்தும் எழுத்து கொட்டுகிறது. கடைசியில், நீ உள்ளே போகக் காரணமான, அந்த உப்பு ஆலை ஊரைப் பற்றி எழுதியது வருகிறது. அதிலிருந்து கொட்டுவது உப்பு. வாயில் போட்டுப் பார்த்தேன், நல்ல உப்பு என்றாள்.

இன்னொன்று. போன வாரம் உங்கள் சிறை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். மிகவும் மரியாதையான மனிதர். நீ எழுதாவிட்டாலும், குடும்பத்தில் மூத்த ஆண் என்ற முறையில் நான் அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தால் போதும், விடுப்புக் கிடைக்கும் என்றார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? மரியாதைக்கு, ஆகட்டும் என்பதுபோல், “என் கண்மேல்” என்றேன். பால்காரரிடமும் அதைத்தான் சொல்கிறேன். மேற்கொண்டு யோசிக்க வேண்டும். தூபாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

கியூமர்ஸ் மாமா

---

தெஹ்ரான், ஆசர் 5

மாமாவுக்கு,

நலம். காலுறை வந்தது, நன்றி. அம்மாவுக்கு முத்தம்.

நேற்று என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, “உங்க மாமா ஒத்துக்கிட்டார். கையெழுத்துப் போடத் தானே வர்றேன்னு சொல்லிட்டார். நல்ல மனுஷன்” என்றார்கள். உங்கள் கண்ணைத் தேதி போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள் மாமா.

நீங்கள் நல்லதுக்குத்தான் நினைத்திருப்பீர்கள். அம்மாவைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று நினைக்காதீர்கள். கண்ணை மூடினால் அவள் செருப்புச் சத்தம்தான் கேட்கிறது. ஆனால் அந்த உப்பு ஆலை ஊரில் ஒரு பெண், இருமுகிற மகனை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு சாயங்காலம் வரை பேசினாள். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “போடு. எங்களுக்கு இருக்கறது பேர் மட்டுந்தான்” என்றாள். நானோ என் வீட்டாரோ வருந்துகிறோம் என்று எழுதினால், அவள் பொய் சொன்னாள் என்று ஆகிறது. அடுத்து அவள் வீட்டுக்குத்தான் போவார்கள்.

நீங்கள் எழுதினால் நான் விடுப்பில் வெளியே வர மாட்டேன். கதவைத் திறந்து வைத்தாலும் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இன்று யாருடைய கனவையும் கேட்கவில்லை.

கீத்தி

---

லாஹிஜான், ஆசர் 27

அன்புள்ள கீத்திக்கு,

உன் கோபம் நியாயமானது. அது தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நலம் விசாரிக்கிறேன். அலுவலருக்கு வணக்கம், அவரை இப்போது நேரிலும் தெரியும்.

உன் கடிதத்தைத் தூபாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டாமல் இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான்.

“போய் இல்லேன்னு சொல்லிட்டு வா” என்றாள்.

“கடிதம் எழுதிப் போட்டா ஆகாதா?”

“ஆகாது. உன் கடிதத்துல இல்லேங்கற வார்த்தையை அவங்க பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும். நேர்ல போ.”

பக்கத்து வீட்டு அம்மாளைத் தூபாவோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மலைப்பாதை முழுவதும் மூடுபனி. பேருந்து நகர்கிறதா, மலைதான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்று தெரியவில்லை. நான் சொன்ன ஒரு மரியாதை வார்த்தையை என் வாழ்நாளில் முதல்முறையாகத் திரும்பப் பெறப் போகிறேன்.

அறையில் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

“வாங்க டாக்டர் ஐயா. உங்க வருகையால அறைக்கே வெளிச்சம் வந்துது” என்றார் அலுவலர். மருந்துக்கடைக்காரனுக்கும் அந்தப் பட்டம் உண்டு.

“உங்க நிழல் குறையாம இருக்கணும்” என்றேன். பிறகு, “நான் எழுதலைங்க” என்றேன்.

“கூச்சப்படாதீங்க. வாசகத்தை நாங்களே சொல்றோம்.”

“இல்லைங்க, வேண்டாம்.”

“முதல்ல தேநீர் குடிங்க.” இனிப்புத் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார். அவர் மேல் குற்றமில்லை. இனிப்பையும் நான் இரண்டு முறை வேண்டாம் என்றுதான் சொன்னேன், மூன்றாம் முறை எடுத்துக்கொண்டேன். ஆகவே பேனாவையும் அப்படியே எடுத்துக்கொள்வேன் என்று காத்திருந்தார்.

“எழுத மாட்டேன்” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “ஐயா மரியாதைக்குச் சொல்றீங்களா, நெஜமாவே சொல்றீங்களா?”

“எனக்கே சரியாத் தெரியலை. ஆனா எழுத மாட்டேன்.”

“அப்ப விடுப்புக் கிடையாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

பேனாவுக்கு மூடி போட்டார். நான் எழுந்து, முதுகைக் காட்டக் கூடாதென்று பின்பக்கமாகவே நடந்து கதவில் இடித்துக்கொண்டேன். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு சுவர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீ இருப்பாய் என்று தோன்றியது. அது உண்மையா என்று விசாரிக்கத் தைரியம் வரவில்லை. சுவருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தூபா கேட்டாள். “எத்தனை தடவை சொன்னே?”

“நாலு.”

“மூணு போதுமே. நாலாவது எதுக்கு?”

“பாதுகாப்புக்கு.”

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு. நன்றாக இருக்கிறாள்.

கியூமர்ஸ் மாமா

---

தெஹ்ரான், தே 15

என் அன்பான மாமாவுக்கு,

எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் எங்கள் கூடமே. உங்களை இப்போது அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு வரிக்கு மை பூசியிருந்தார்கள், ஆனால் தேநீரையும் இனிப்பையும் விட்டுவைத்தார்கள். கடிதத்தை உரக்கப் படித்தேன். நான்காவது ‘இல்லை’யை மறுபடி படிக்கச் சொன்னார்கள். “உங்க மாமாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்றாள் ஹோமா. ஆகவில்லை, பெண் வீட்டாரிடம் பேசவே பயந்துவிட்டார் என்று சொன்னேன். “இப்ப பயம் போயிருக்குமே, கேட்டுப் பாரு” என்றாள்.

ஆண்டின் மிக நீண்ட இரவன்று, வழக்கப்படி ஒரு மாதுளையை எல்லாரும் பகிர்ந்துகொண்டோம். பிறகு எனக்கு ஒரு கனவு. தேயிலைத் தோட்டத்தில் பனி இடுப்பளவு நிற்கிறது. அம்மா எனக்கு முன்னால் நடக்கிறாள். செடிகளுக்கிடையில் அவள் தலைத்துணி மட்டும் மிதந்து போகிறது. கூப்பிடுகிறேன். திரும்பவில்லை. ஆனால் கையைப் பின்னால் நீட்டி, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது செய்வதுபோல, விரல்களை அசைக்கிறாள். வா, வா என்று. இங்கே ஓடை இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்து சொன்னேன். அதுவும் ஓடுகிற தண்ணீர்தானே?

அம்மாவைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கிறுக்கினாலும் போதும்.

முத்தங்களுடன்
கீத்தி

---

லாஹிஜான், பஹ்மன் 20

அன்புள்ள கீத்திக்கு,

நலம். உன் நலம் விழைகிறேன். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். பனி விழுந்து சாலை அடைபட்டிருந்தது.

தூபா நன்றாக இருக்கிறாள். கை நடுங்குவதால் எழுத முடியவில்லை. உன் முத்தங்களைச் சேர்த்துவிட்டேன்.

ஒரு கனவு எழுதுகிறேன். நம் ஆரஞ்சு மரங்கள் எல்லாம் பனியில் நிற்கின்றன. ஒவ்வொரு பழத்தின் மேலும் ஒரு வெள்ளைத் தொப்பி. நான் கிளையை அசைக்காமல் கீழே நடந்து போக வேண்டும். யாரோ தூங்குகிறார்கள், சத்தம் போடக் கூடாது. தோட்டம் முடியவில்லை. மரத்துக்கு மரம் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான் கனவு.

இப்போதெல்லாம் தினமும் காலையில் ஓடைக்குப் போகிறேன். ஓரத்தில் பனிக்கட்டி இருக்கிறது, நடுவில் ஓடுகிறது.

குளிரில் கவனமாக இரு. கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

கியூமர்ஸ் மாமா

---

தெஹ்ரான், எஸ்ஃபந்த் 2

மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் தனியாக இருப்பீர்கள். சமைத்துச் சாப்பிடுகிறீர்களா?

இருபது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். பேச வேண்டிய ஆள் ஒரு செய்தியில் பேசாமல் இருந்தால், ஏன் என்று கேட்பதுதான் என் வேலை. நீங்கள் எழுதிய கடிதங்களை வரிசையாகக் கட்டிலில் பரப்பினேன். எல்லாவற்றிலும் அம்மா இருக்கிறாள். ஒன்று உங்களைக் கிண்டல் செய்கிறாள், இல்லையென்றால் கனவு காண்கிறாள். கடைசிக் கடிதத்தில் நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான். தினமும் காலையில் ஓடைக்குப் போகிற மனிதரின் வீட்டில் யாரும் நன்றாக இருக்க முடியாது.

ஹோமாவிடம் கடிதங்களைக் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போனாள். காய்ந்த ரொட்டியைப் பொடித்து, ஹீட்டர் மேல் தட்டு வைத்து வறுத்து, சர்க்கரை போட்டு, சாவு வீட்டில் செய்வதுபோல் அல்வா கிண்டினாள். எல்லாரும் ஒரு விரல் அளவு எடுத்துக்கொண்டு அம்மாவுக்காக வேண்டிக்கொண்டார்கள். ஆகவே இங்கே அது நடந்து முடிந்தது.

கடைசி நாட்கள் என்று முன்பே சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். உப்பு ஊர், அந்தப் பெண், அவள் பேர், எல்லாவற்றையும் தாண்டி ஓடி வந்திருப்பேன். அது தெரிந்துதானே சொல்லவில்லை? யார் யோசனை அது? உங்களை மன்னிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பதில் வேண்டும். எந்த நாள். எந்த நேரம். யார் கூட இருந்தார்கள். என்ன சாப்பிட்டாள். என்ன உடுத்தியிருந்தாள். என்னைக் கேட்டாளா.

கனவு வேண்டாம்.

கீத்தி

---

லாஹிஜான், எஸ்ஃபந்த் 18

அன்புள்ள கீத்திக்கு,

நலம் விசாரிப்பதையும் விடைபெறுவதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கடைசியில் எழுத முடியாமல் போகலாம். சமைத்துத்தான் சாப்பிடுகிறேன். உன் உடம்பைக் கவனித்துக்கொள். உன் மாமா கியூமர்ஸ்.

நீ கேட்ட வரிசையில் எழுதுகிறேன்.

அவள் போனது தே மாதம் 22. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாத நாள். பிற்பகல், ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் மட்டும்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மதியம் குழைந்த சோறு கொஞ்சம் சாப்பிட்டாள். பூண்டு ஊறுகாய் கேட்டாள். டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்தார். நானும் மருந்துக்காரன்தான், கூடாதென்று தெரியும். கொடுத்தேன். “இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே திருடா” என்றாள். அவள் சட்டைகள் மழையில் உலரவில்லை. என் பழுப்புக் கம்பளிச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். கைகள் நீளமாக இருந்தன, மடித்துவிட்டேன்.

யார் யோசனை என்று கேட்டாய். அவளுடையது. நான் தெஹ்ரானிலிருந்து திரும்பிய இரவே சொல்லிவிட்டாள். “என்னைப் பத்தி நல்லதா மட்டும் எழுது. தெரிஞ்சா கையெழுத்துப் போட்டுடுவா. அவ என் பொண்ணு அண்ணா, கல் இல்லை.” நான் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னது சரியா, நான் கேட்டது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். விடை வந்தால் எழுதுகிறேன்.

உன்னைக் கேட்டாளா. கேட்டாள். அன்று பிற்பகல் நினைவு கொஞ்சம் தடுமாறியது. வாசல் பக்கம் தலையைத் திருப்பி, “கீத்தி வந்துட்டாளா?” என்றாள். வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“வழியில இருக்கா” என்றேன்.

உடனே பயந்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். “கையெழுத்துப் போட்டுட்டாளா?”

“போடலை.”

“அப்புறம் எப்படி விட்டாங்க?”

“விட்டுட்டாங்க தூபா.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். அன்று தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு மணிக்கட்டை விட்டாள். தலையைச் சீவிவிடச் சொன்னாள். சீவினேன்.

“ரொட்டியைத் துணியில சுத்தி வை, ஆறிடும்” என்றாள். “பசியோட வருவா.”